நிறமா, பிரகாசமா? இருட்டறையில் பாருங்கள்

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். ஒளியின் நிறத்தைத் தீர்மானிக்கும் மீடிறனையும் (அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பது) பிரகாசத்தைத் தீர்மானிக்கும் வீச்சத்தையும் (அலையின் உயரம்) பிரித்தறிய இதைச் செய்யச் சொல்வேன்.

இருட்டில் பச்சையாக ஒளிரும் ஸ்டிக்கரை இரவு முழுக்கப் பெட்டிக்குள் வைத்து மங்கவிடுங்கள். அப்புறம் இருட்டறையில் சைக்கிளின் சிவப்புப் பின்விளக்கை அதன்மேல் பிடியுங்கள். விளக்கு எல்இடியாக இருக்கவேண்டும், இது முக்கியம். இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்தாலும் ஸ்டிக்கர் ஒளிராது. மங்கலான நீல எல்இடி ஒன்று போதும், பட்ட இடம் ஒளிரும்.

ஒளி போட்டன் எனும் சிறு சக்திப் பொட்டலங்களாக வருகிறது; ஸ்டிக்கர் ஒளிர ஒவ்வொரு போட்டனிலும் போதிய சக்தி இருக்கவேண்டும். ஒரு போட்டனின் சக்தி என்பது பிளாங்கின் மாறிலியை (6.63 × 10⁻³⁴ யூல் செக்கன்) மீடிறனால் பெருக்குவது. சிவப்புக்குச் சுமார் 3 × 10⁻¹⁹ யூல், நீலத்துக்கு 4.3 × 10⁻¹⁹. வீச்சம் இரட்டித்தால் செறிவு, அதாவது பிரகாசம், நான்கு மடங்காகும்; கூடுவது போட்டன்களின் எண்ணிக்கைதான். "பிரகாசம் கூடினால் போட்டனின் சக்தியும் கூடும்" என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள், பிள்ளைகள்.