கரிசல் மனையில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் மண்ணைச் சோதிக்கும் முறை

கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் வீடு கட்ட மனை வாங்கியவர்கள், சித்திரை வெயிலில் மண்ணைக் கடப்பாரையால் குத்திப் பார்த்து, பாறை போல இறுகியிருக்கிறதே என்று நிம்மதி அடைவதுண்டு. அந்த இறுக்கத்தை நம்பக் கூடாது. கரிசலில் உள்ள களி மழைநீரை உறிஞ்சிப் பருத்து, வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பது. மேலே நிற்கும் கட்டடம் எடை குறைந்ததாக இருந்தால் கடைக்காலையே (அஸ்திவாரத்தையே) தூக்கிவிடும். எனவே மண் எவ்வளவு கெட்டி என்பதோடு, நனைந்தால் எவ்வளவு பருக்கும் என்பதையும் அறிய வேண்டும்.

படி 1: சுற்றுப்புறம்

பக்கத்து வீடுகளில் சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்கள் உள்ளனவா, அவை கோடையில் அகன்று மழைக்காலத்தில் மூடுகின்றனவா என்று விசாரியுங்கள். மனையில் முன்பு கிணறோ ஓடையோ இருந்து மேடாக்கப்பட்டதா என்பதை ஊர்ப் பெரியவர்களிடமும் புல வரைபடத்திலும் உறுதி செய்துகொள்ளுங்கள். தூர்த்த கிணற்றின் மேல் ஒரு தூண் அமைந்துவிட்டால் அந்த மூலை மட்டும் தனியே இறங்கும்.

படி 2: சோதனைக் குழி

கட்டடம் வரவிருக்கும் இடத்தில், எதிரெதிர் மூலைகளிலாவது இரண்டு குழிகளை ஒன்றரை மீட்டர் வரை தோண்டுங்கள். அதற்குக் கீழே கைத்துளைப்பானால் மண் எடுப்பதே நல்லது; ஆழமான குழியின் பக்கச் சுவர் சரிந்து ஆட்களை மூடிவிடும். கரிசல் எந்த ஆழத்தில் முடிகிறது, அதன் கீழே வெண்சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கெட்டி மண்) வருகிறதா, பாறை வருகிறதா என்று அளந்து எழுதுங்கள். செங்கல் துண்டோ பிளாஸ்டிக்கோ தென்பட்டால் அது கொட்டிய மண்; அதன் மேல் கடைக்கால் அமைக்கக் கூடாது.

படி 3: பருக்கும் அளவு

இதுதான் கரிசலுக்கு உயிர்நாடியான சோதனை. குழியில் எடுத்த மண்ணை உலர்த்தி, பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் 100 மி.லி. அளவுக் குடுவைகள் இரண்டில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் 100 மி.லி. கோடு வரை ஊற்றி, கண்ணாடிக் கம்பியால் கலக்கிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, 24 மணி நேரம் அசையாமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் களி பருக்காது என்பதால் அந்தக் குடுவையே நமக்கு ஒப்பீடு. மண்ணெண்ணெயில் 12 மி.லி., நீரில் 21 மி.லி. என்று மண் படிந்திருந்தால், வித்தியாசமான 9-ஐ 12-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். விடை 75 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டிய மண்ணில் சாதாரண ஆழமில்லாக் கடைக்காலை நினைக்கவே வேண்டாம்.

படி 4: நிலத்தடி நீர்

குழியில் ஊறும் நீரின் மட்டத்தை மறுநாள் அளந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் அக்கம்பக்கக் கிணறுகளில் நீர் எவ்வளவு ஏறும் என்பதையும் கேட்டுக் குறியுங்கள்.

படி 5: போர் போட்டுச் சோதித்தல்

இதை மண் ஆய்வு நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாயை 45 செ.மீ. இறக்குவார்கள், முதல் 15 செ.மீ. நீங்கலாக, அடுத்த 30 செ.மீ. இறங்க ஆகும் அடிகளின் எண்ணிக்கையே ‘என்’ (N) மதிப்பு; அது கூடினால் மண் கெட்டி என்று பொருள். கோடையில் காய்ந்த கரிசல் இதிலும் உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும். ஆகவே சோதனை நடந்த மாதத்தையும் மண்ணின் ஈரப்பதத்தையும் அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள். மழைக்குப் பின் சோதிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பாதுகாப்பான தாங்குதிறன், பருக்கும் அளவு, நீர்மட்டம், மண்ணிலும் நீரிலும் உள்ள, கான்கிரீட்டை அரிக்கும் சல்பேட் உப்பின் அளவு ஆகியவை அறிக்கையில் இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே பணத்தைத் தீர்த்துக் கொடுங்கள். கரிசலை முழுவதும் எடுத்துவிட்டுச் சுக்கானில் கடைக்கால் வைப்பதா, அடியில் குமிழ் போல அகன்ற பைல்களை (நிலத்துக்குள் ஆழமாகச் செல்லும் கான்கிரீட் தூண்களை) இறக்குவதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் அந்த எண்களைக் கொண்டே முடிவு செய்வார்.