பேஸ்டைக் குறை சொல்லும் முன்

கணினியின் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டுவிட்டால் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், கூலரைக் கழற்றி, அதற்கும் பிராசசருக்கும் நடுவே பூசும் பேஸ்டை மாற்றுவதுதான். வித்தியாசம் தெரியவில்லை என்றால் இன்னும் விலை கூடிய பேஸ்டாக வாங்கி மறுபடி பூசுவோம். நானும் ஒரு மாதத்தில் மூன்று டியூப் காலி செய்தவன்தான். அதற்கப்புறம்தான் புரிந்தது, கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது.

சில சமயம் கோளாறே இருக்காது. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 9 7950எக்ஸ் பிராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோர்களுக்கும் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) முழு வேலை கொடுத்தால் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும்படி ஏஎம்டியே அதை வடிவமைத்திருக்கிறது. மின்சாரத்திலும் வெப்பத்திலும் இடம் இருக்கும்வரை அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால் நல்ல கூலர் போட்டால் வெப்பநிலை குறைவதற்குப் பதிலாக வேகம் கூடலாம். 230 வாட் வரை இழுக்கும் இந்தப் பிராசசரின் பெரும்பகுதி வெப்பம், தலா 70 சதுர மில்லிமீட்டர் அளவே உள்ள இரண்டு சின்னச் சில்லுகளிலிருந்து வருகிறது. விரல் நகத்தை விடச் சிறிய இடத்திலிருந்து அவ்வளவு வெப்பத்தை வெளியே இழுப்பதே பெரும்பாடு. பிராசசரின் உலோக மேல் மூடிக்கு வந்த பிறகு பூசுகிற பேஸ்ட் எந்த பிராண்ட் என்பது அடுத்த கதை. ஆகவே வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை வாட் இழுக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்டெல் பக்கம் இன்னொரு வேடிக்கை. ஐ9-14900கேவுக்கு இன்டெல் சொல்லும் மின் வரம்பு 253 வாட். ஆனால் பல மதர்போர்டுகள் அந்த வரம்பைத் தாமாகவே தளர்த்திவிட்ட நிலையில் கடைக்கு வந்தன. வரம்பில்லாமல் 300 வாட்டைத் தாண்டி ஓடும் பிராசசர் 100 டிகிரியில் முட்டி நின்றால் அது கூலரின் குற்றமில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன் பயாஸைத் (கணினி கிளம்பும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரை) திறந்து இதைச் சரிபாருங்கள்.

சரி, பேஸ்டுக்கு வருவோம். அது குளிர்விக்கும் பொருள் என்ற எண்ணமே முதல் தவறு. கூலரின் செம்புத் தட்டும் பிராசசரின் மேல் மூடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கிவிடும். காற்றின் வெப்பக் கடத்துதிறன், மீட்டர்–கெல்வினுக்கு 0.026 வாட். கடையில் கிடைக்கும் நல்ல பேஸ்டுகளுக்கு அது 5 முதல் 14 வரை இருக்கும். செம்புக்கோ சுமார் 400. காற்றோடு ஒப்பிட்டால் பேஸ்ட் பல நூறு மடங்கு மேல், செம்போடு ஒப்பிட்டால் பல மடங்கு கீழ். பள்ளத்தில் நிற்கும்போது அது நண்பன், உலோகமும் உலோகமும் தொட வேண்டிய இடத்தில் தடிமனாக நின்றால் தடை.

அதற்காக அளவைப் பற்றி ரொம்பவும் பயப்பட வேண்டாம். கொஞ்சம் கூடிப்போனால் அழுத்தத்தில் ஓரமாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும். அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். குறைந்துபோனால்தான் ஒரு மூலை காய்ந்து கிடக்கும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் (பிராசசர் உட்காரும் இடம்) மாட்டும் பிராசசருக்கு நடுவில் ஒரு பட்டாணி, நான்கு மூலைக்கும் சின்னச் சின்னப் புள்ளி போதும். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் மாட்டும் பிராசசர் நீள்சதுரம் என்பதால் நடுவில் ஒற்றைப் பொட்டு வைப்பதை விடப் பெருக்கல் குறி போல இழுப்பது நல்லது. ஏஎம்டியின் பெரிய பிராசசரான திரெட்ரிப்பரை வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டாணிக் கணக்கையே மறந்துவிடுங்கள். அந்தப் பெரிய மூடி முழுக்கப் பரவலாகப் புள்ளிகள் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், கூலரின் தட்டு அந்த மூடியை முழுதாக மூடுகிறதா என்பது. சாதாரண பிராசசர்களுக்காகச் செய்த வட்டத் தட்டுகள் பல மூடாது.

ஏஎம்5 மூடியின் ஓரங்களில் வெட்டுகளும் அவற்றுக்குள் குட்டிக் குட்டி மின்தேக்கிகளும் தெரியும். சாதாரண பேஸ்ட் அங்கே வழிந்தால் துடைக்கத்தான் சிரமம், ஷார்ட் ஆகாது. பேஸ்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் திரவ உலோகம் வழிந்தால் கதையே வேறு. அது மின்சாரத்தைக் கடத்தும். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். முதல் முறை கணினி கட்டுபவர் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

புதுக் கூலரின் தட்டில் கம்பெனியே பேஸ்ட் பூசி அனுப்பியிருந்தால் அதன் மேல் நம் பங்குக்கு இன்னொரு பட்டாணி வைக்கக்கூடாது. ஒருமுறை உட்கார்த்திய கூலரைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதே பேஸ்டின் மேல் திரும்ப வைப்பதும் தவறு, இடையில் காற்று புகுந்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் வைத்துத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், இருந்தும் மறக்கிறோம்.

கழற்றும்போது செய்த தவறு ஒன்று என் கணக்கிலேயே இருக்கிறது. ஏஎம்5க்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட் கணினி, இரவு முழுக்க அணைந்து ஆறிக் கிடந்தது. ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு கூலரை நேராக மேலே இழுத்தேன். பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து தட்டின் அடியில் தொங்கியது. ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 ஊசிகள். அதில் நான்கு வளைந்துவிட்டன. பிளேடு நுனியால் நிமிர்த்தி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பத்து நிமிடம் கணினியை ஓட்டி பேஸ்டை இளக்கிவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகியபின் தூக்கியிருந்தால் இந்த வேலையே இல்லை. ஏஎம்5இல் ஊசிகள் சாக்கெட்டுக்குப் போய்விட்டதாலும், இரும்புச் சட்டம் பிராசசரைப் பிடித்துக்கொள்வதாலும் இந்த ஆபத்து நீங்கிவிட்டது. ஆனால் அந்த 1718 ஊசிகளின் மேல் எதையாவது போட்டுவிட்டால் இப்போது போவது மதர்போர்டு.

மாட்டும்போது ஒரு ஸ்க்ரூவை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்து பேஸ்டை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, இரண்டிரண்டு சுற்றாக முறுக்க வேண்டும். எல்ஜிஏ1700இல் சாக்கெட்டின் பூட்டு பிராசசரை நடுவில் அழுத்துவதால் மூடி லேசாகக் குழிந்துபோகும் பழக்கமும் உண்டு. அதற்காகத் தனிச் சட்டம் விற்கிறார்கள். பயன் தரும்தான், ஆனால் சட்டத்தை அளவுக்கு மீறி முறுக்கினால் ரேம் குச்சிகளில் ஒன்று கணினிக்குத் தெரியாமல் போகும்; கணினியே கிளம்பாமலும் போகலாம்.

இனி தண்ணீரால் குளிர்விக்கும் கூலர்கள். பம்பு, டியூப், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்து மூடியே வரும் ஏஐஓ கூலர் எல்லாவற்றுக்குள்ளும் கொஞ்சம் காற்று இருக்கும், அந்தக் காற்று லூப்பின் (தண்ணீர் சுற்றிவரும் பாதை) உச்சியில் போய் உட்காரும். உச்சியில் ரேடியேட்டர் இருந்தால் தொல்லையில்லை. ரேடியேட்டரைக் கேபினட்டின் தரையில் போட்டால் பம்புதான் உச்சி. காற்று பம்புக்குள் சேர்ந்து களகளவென்று சத்தம் போடும், பம்பின் ஆயுளும் குறையும். கேபினட்டின் கூரையில் மாட்டுவதே சிறந்தது. முன்பக்கம் மாட்டுவதென்றால் டியூப்கள் கீழே வரும்படி நிறுத்தி, ரேடியேட்டரின் மேல் முனை பம்பை விட உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகனின் கணினியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கடையில் கட்டிக் கொடுத்தது. பயாஸ் திரையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு நிமிடத்தில் 90ஐத் தாண்டும். இரண்டு முறை பேஸ்ட் மாற்றியாயிற்று. ஃபேன் மூன்றும் ஜோராகச் சுற்றியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பம்புக்குப் போக வேண்டிய வயர் ரேடியேட்டருக்குப் பின்னால் சுருட்டிக் கட்டிய நிலையிலேயே கிடந்தது!

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. லூப்பில் நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது, பிராசசர் 250 வாட் கக்குகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றில் தண்ணீரின் சூடு 3.6 டிகிரிதான் கூடும். ஆக, பம்ப் ஒழுங்காக ஓடினால் இரண்டு டியூப்களும் கைக்கு ஏறக்குறைய ஒரே சூடாகத்தான் தெரியும். பிராசசர் கொதிக்கிறது, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது என்றாலோ, ஒரு டியூப் சுட்டு மற்றது ஆறிக் கிடந்தாலோ, தண்ணீர் ஓடவில்லை. பேஸ்டைத் தொடாமல் பம்பைப் பாருங்கள். பம்பை எப்போதும் முழு வேகத்தில் விட்டுவிட்டு, அமைதி வேண்டுமென்றால் ஃபேன்களை மட்டும் மெதுவாக்குவதே என் பழக்கம்.

சோதிப்பதிலும் அவசரம் கூடாது. தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். இரண்டு நிமிட ஓட்டத்தில் எந்தக் கூலரும் நல்ல கூலராகத் தெரியும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அறையின் வெப்பநிலையையும் சேர்த்து. எந்த ரேடியேட்டரும் தண்ணீரை அறைக்காற்றை விடக் குளிர்ச்சியாக்காது. விமர்சனக்காரர் 22 டிகிரி அறையில் எடுத்த எண்ணை மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத 37 டிகிரி அறையில் எதிர்பார்த்தால் அந்த 15 டிகிரி ஏமாற்றம் நிச்சயம்.

ஏஐஓவுக்கு ஆயுளும் உண்டு. டியூப்பின் சுவர் வழியாகவே தண்ணீர் மிக மெதுவாக ஆவியாகிக்கொண்டிருக்கும். ஐந்தாறு வருடம் ஓடிய கூலர் சத்தம் போட ஆரம்பித்தால் மாற்ற வேண்டிய நேரம்.

சொந்தமாக லூப் கட்டுபவர்களுக்கு மூன்றே விஷயம். பிராசசர் மேல் உட்காரும் செம்பு பிளாக்குடன் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள், இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். ஆர்ஓ தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றாதீர்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டரும் போதாது, பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து சேர்ந்த கூலன்ட் வேண்டும். ஊற்றியதும் கணினியை ஆன் செய்யாமல், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வயர்களையெல்லாம் கழற்றிவிட்டு பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து 24 மணி நேரம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர். மறுநாள் எல்லாம் காய்ந்து இருந்தால் மற்ற வயர்களை மாட்டலாம்.