வீட்டுப் பேச்சில் ஆண், பெண் வேறுபாட்டைக் குறித்துவைப்பது எப்படி

ஆண்கள் இப்படிப் பேசுவார்கள், பெண்கள் அப்படிப் பேசுவார்கள் என்று நாம் சொல்லிவருவதில் எவ்வளவு உண்மை என்று அறிய விரும்பினால், பேசுவோர் அனைவரின் சம்மதத்தோடும் உங்கள் வீட்டு உரையாடலை அரை மணி நேரம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் எல்லோரும் பதிவை நினைத்துக்கொண்டே பேசுவார்கள் என்பதால் முதல் 10 நிமிடங்களை விட்டுவிடலாம்.

விளிச்சொற்களிலிருந்து தொடங்குங்கள், தமிழில் வேறுபாடு தெளிவாகத் தெரியும் இடம் அதுதான். மனைவி கணவரின் பெயரைச் சொல்லாமல் ‘என்னங்க’ என்று அழைத்து ‘வாங்க, போங்க’ என்று பேச, கணவர் அவரைப் பெயர் சொல்லி ‘வா, போ’ என்று பேசும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. ‘டா’, ‘டி’ இரண்டிலும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அவை பேசுபவரின் பாலை அல்ல, கேட்பவரின் பாலையே காட்டுகின்றன. தோழிகளுக்கிடையே நெருக்கமாக ஒலிக்கும் அதே ‘டி’ கணவர் வாயில் அதட்டலாக ஒலிக்கலாம். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, யார் சொன்னார் என்பதோடு யாரிடம், எந்தக் குரலில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்து, குறுக்கீடுகளை எண்ணுங்கள். ஆணும் பெண்ணும் பேசிக்கொண்ட 11 உரையாடல்களில் 48 குறுக்கீடுகளை எண்ணிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஜிம்மர்மன், வெஸ்ட் இருவரும், அவற்றில் 46 ஆண்கள் செய்தவை என்று 1975இல் எழுதினார்கள். 11 உரையாடல்களை வைத்து உலகத்துக்கே விதி வகுக்க முடியாது, ஆனால் எண்ணும் முறையை அவர்களிடம் கற்கலாம். ‘ம்’, ‘அப்படியா’ போன்றவை குறுக்கீடுகள் அல்ல. பேச்சைத் தொடரவைக்கும் உழைப்பு அவை. யார் அதிகம் உழைக்கிறார் என்பதைத் தனியே குறியுங்கள்.

முடிவு எழுத அவசரப்பட வேண்டாம். அமெரிக்க நீதிமன்றச் சாட்சியங்களை ஆராய்ந்த ஓபார், அட்கின்ஸ் இருவரும், பெண்களுக்கே உரியவை எனக் கருதப்பட்ட, ‘என்று நினைக்கிறேன்’ போன்ற தயக்கக் கூறுகள் தாழ்ந்த நிலையிலிருந்த ஆண்களிடமும் இருந்ததையும், நிபுணராகச் சாட்சி சொன்ன பெண்களிடம் குறைந்திருந்ததையும் 1980இல் காட்டினார்கள். எனவே வீட்டில் அதட்டிப் பேசும் அண்ணன் தம் மேலதிகாரியிடம் எப்படிப் பேசுகிறார், வீட்டில் அடங்கிப் பேசும் ஆசிரியையான அக்கா வகுப்பில் எப்படிப் பேசுகிறார் என்பதையும் உரிய அனுமதியோடு கேட்டு, முதல் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.