பழைய புல்லட்டுக்குச் செயின் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிளில் தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பாகங்கள் சில உண்டு. செயின் அவற்றில் ஒன்று. தேய்ந்தால் கடைக்குப் போய் வேறு வாங்கிவிடலாம். ஆனால் பொருந்தாத செயினைப் போட்டாலும், பொருந்திய செயினைக் கவனிக்காமல் விட்டாலும் அது தனியாகத் தேயாது. ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையில் தயாரான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பல்சக்கரம்) பிரேக் டிரம்மும் அதில் ஒரே துண்டு. பல் போனால் டிரம்மும் போயிற்று. முன் ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் பிரைமரி கவர் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினை மூடுவது), கிளட்ச், உள் கவர் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். செயினில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் கடைசியில் இந்த இரண்டு பாகங்களுக்காகத்தான் செலவழிக்கிறார்கள்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. “புல்லட் செயின் ஒன்று கொடுங்கள்” என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வருவது. நாற்பது, ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் இப்போது இருக்கும் ஸ்ப்ராக்கெட் ஆலையில் போட்டதுதானா என்று யாருக்குத் தெரியும்? முந்தைய உரிமையாளர்களில் எவரோ மாற்றியிருக்கலாம். எனவே செயினுக்கு முன்னால் ஸ்ப்ராக்கெட்டை அளந்து பார்க்க வேண்டும்.

செயின் தகட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படிப்பது எளிது. முதல் இலக்கம், கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரத்தை எட்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் சொல்கிறது. 4 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 5 என்றால் எட்டில் ஐந்து பங்கு, 15.875 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கங்கள் உள்தகடுகளுக்கு இடையில் உள்ள அகலத்தைக் குறிக்கின்றன. 520-க்கு 6.35 மி.மீ., 525-க்கு 7.94 மி.மீ., 530-க்கு 9.53 மி.மீ. மூன்றுக்கும் பின்களுக்கு இடையிலான தூரம் ஒன்றே என்பதால்தான் ஏமாற்றம் வருகிறது. 520-க்கான மெல்லிய பல்லில் 530 செயினைப் போட்டால் அது உட்கார்ந்துவிடும், வண்டியும் ஓடும். ஆனால் செயின் பக்கவாட்டில் ஆடி ஆடிப் பல்லின் ஓரங்களை அரைக்கும். வெர்னியர் காலிப்பரால் பல்லின் கனத்தை அளந்து, அதைவிடச் சற்றே கூடுதலான உள் அகலம் கொண்ட செயினை வாங்குங்கள்.

விலை கூடிய செயின்தான் நல்லது என்று நினைத்து ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் செயினை வாங்குவது இன்னொரு தவறு. அவை தரமான செயின்கள்தான், மறுக்கவில்லை. தகடுகளுக்கு இடையே ரப்பர் வளையங்கள் இருப்பதால் அவற்றின் பின்கள் நீளமானவை, ஆகவே செயினின் மொத்த அகலமும் கூடுதல். பழைய வண்டிகளில் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பிரைமரி உள் கவருக்கும் நடுவே இடம் குறைவு. இந்தச் செயின் அங்கே உரசினால் அலுமினியக் கவரை வாள் போல் அறுத்துவிடும். போட்டே தீருவேன் என்பவர்கள் முதலில் செயின் முழுவதும் ஒரு சுற்று வரும்படி சக்கரத்தைக் கையால் சுற்றி, எங்காவது முட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். சாதாரண பழைய புல்லட்டுக்கு, ரப்பர் வளையம் இல்லாத நல்ல செயினே போதும் என்பது என் கருத்து. கோவையின் ரோலான், சென்னையின் டயமண்ட் என்று நம் ஊரிலேயே செயின் செய்கிறார்கள். ஆனால் பெட்டியில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாமல் செயினைக் கையில் வாங்கிப் பாருங்கள். மலிவுச் செயின்களில் ரோலரும் அதற்குள் இருக்கும் குழாய் போன்ற புஷ்ஷும் தகட்டைச் சுருட்டிச் செய்தவை. ரோலரில் நெடுக்காக மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேய்மானத்தை மறைக்கும் குறுக்கு வழிகள்

“செயின் நீண்டுவிட்டது” என்கிறோம். உண்மையில் தகடு எதுவும் நீள்வதில்லை. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கிய அமைப்புதான் இன்றும் தொடர்கிறது: நடுவில் பின், அதன்மேல் புஷ், அதற்கும் மேல் சுழலும் ரோலர். பின்னும் புஷ்ஷும் உரசித் தேயத் தேய, ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் இடைவெளி கூடுகிறது. நூறு கண்ணிக்கு அதுவே பெரிய நீளமாகிவிடும். அப்போது செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனியை நோக்கி ஏறுகிறது. பல் கொக்கி போல வளைவது இதனால்தான்.

இதை அளக்க ஒரு நாடாவே போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து தொடங்கி, அதை விட்டு எண்ணினால் வரும் 24-ஆவது பின்னின் நடு வரை அளந்து பாருங்கள். 5-இல் தொடங்கும் செயின் புதிதாக இருக்கையில் 381 மி.மீ. இருக்கும். 388.5 மி.மீ. ஆகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. அரை அங்குலச் செயினுக்கு 304.8 மி.மீ., எல்லை 311 மி.மீ. ஓரடிக்குக் கால் அங்குலம் என்று பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கும் இதேதான், ஏறத்தாழ 2 சதவீதம்.

இந்த எல்லையைத் தாண்டிய பிறகும் செயினை ஓட வைக்கப் பட்டறைகளில் செய்யும் வேலை, ஒரு கண்ணியை வெட்டி எடுத்துவிடுவது. பின்சக்கரத்தை நகர்த்த இடமில்லாமல் போகும் அளவுக்குச் செயின் தேய்ந்திருக்கிறது என்றால் அது “என்னை மாற்று” என்று சொல்கிறது. வெட்டினால் நீளம்தான் குறையும். கண்ணிகளுக்கு இடையில் கூடிய தூரம் அப்படியே இருந்து, பல்லைத் தின்றுகொண்டே இருக்கும். அரைக் கண்ணி போட்டு நீளத்தைச் சரிக்கட்டுவதும், அறுந்த பழைய செயினில் புதுக் கண்ணிகளைச் சேர்ப்பதும் இதே வகைதான். அரைக் கண்ணியின் தகடு வளைந்தது, செயினிலேயே பலவீனமான இடம் அது.

அதேபோல் புதுச் செயினைத் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் மாட்டாதீர்கள். முன் ஸ்ப்ராக்கெட்டை எடுக்கப் பாதி வண்டியைக் கழற்ற வேண்டுமே என்று பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். பற்கள் குறைவாக உள்ள முன் ஸ்ப்ராக்கெட்தான் வேகமாகத் தேய்கிறது. கிளட்ச் வேலைக்காக என்றாவது பிரைமரி திறக்கப்படும். அன்றைக்கே அதைப் பார்த்து மாற்றிவிட்டால் இரட்டைக் கூலி மிச்சம்.

செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் செயின் லாக் பற்றி ஒரே விதி: கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏதோ ஒன்றில் தட்டி ஒரு நாள் கழன்று போகும். ஓடும் வண்டியில் செயின் கழன்று முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக்கொண்டால் கிராங்க் கேஸ் உடையலாம், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஓட்டுபவரே விழலாம். பழைய கிளிப்பை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

இறுக்கம்

செயின் தளர்ந்திருந்தால் சத்தம் கேட்கிறது. அதிகமாக இறுகியிருந்தால் சத்தமே வராது. அதனாலேயே இறுக்குவது பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். பழைய வண்டிக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. பின்சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு வளைவில் நகர்கிறது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகமாக இழுபடும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் விறைப்பாக வைத்த செயின், ஆள் ஏறி உட்கார்ந்ததும் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கிறது. பேரிங் ஆட்டம் காணும், ஆயில் ஒழுகும். பழைய புல்லட்டின் கியர்பாக்ஸைப் பற்றி “ஆல்பியன் கியர்பாக்ஸ் என்றாலே ஒழுகும்” என்று சொல்லிக்கொண்டே செயினை இறுக்கி வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். தேய்மானம் எல்லாக் கண்ணியிலும் சமமாக இருக்காது. அந்த இறுகிய இடத்தில், கீழ்ச் செயினின் நடுவில், மேலும் கீழுமாக 25 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பிறகு ஒருவரை வண்டியில் உட்கார வைத்து, அப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புல்லட்டில் பின் அச்சின் இரு முனைகளிலும் பல் வெட்டிய நத்தை வடிவக் கேம்கள் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் திருப்பினால் சக்கரம் நேராக இருக்கும் என்பது கணக்கு. ஒருமுறை விழுந்து ஸ்விங் ஆர்ம் லேசாக வளைந்த வண்டியில் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். பின் டயரின் இரு பக்கத்திலிருந்தும் முன் டயர் வரை நூல் பிடித்துப் பார்ப்பது நம்பகமான வழி. உள்தகடுகளின் உட்புறம் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் சக்கரம் கோணலாக இருக்கிறது. சக்கரத்தை நகர்த்தும் முன் பிரேக் பிளேட்டின் பிடிமான நட்டைத் தளர்த்தி, முடித்ததும் இறுக்கிவிடுங்கள். சக்கரம் பின்னால் போனால் பிரேக் ராடின் அளவும் மாறும், அதையும் சரிசெய்யாமல் சாலையில் இறங்காதீர்கள். கியர்பாக்ஸையே நகர்த்திப் பிரைமரி செயினைச் சரிசெய்யும் பழைய பிஎஸ்ஏ, நார்ட்டன் வண்டிகளில் முதலில் பிரைமரி, பிறகுதான் பின்செயின்.

எண்ணெய்

எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். வெளியே கெட்டியாகக் கிரீஸ் பூசினால் அது உள்ளே போகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாள் போலத் தேய்க்கும். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலையும் ஊற்ற வேண்டாம், அதில் மிதப்பது அழுக்கும் உலோகத் தூளும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, நன்றாகக் காய வைத்துவிட்டு, 90 கியர் ஆயிலைக் கீழ்ச் செயினின் உட்புறத்தில், தகடுகள் சேரும் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓடி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது விட்டால் எண்ணெய் இன்னும் நன்றாக இறங்கும். இரவு முழுக்க விட்டு, காலையில் வெளியே வழிந்ததைத் துடைத்துவிடலாம். மழையில் நனைந்த வண்டிக்கு அன்றே எண்ணெய் தேவை.

இதைச் செய்யும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். நடு ஸ்டாண்டில் போட்டு, முதல் கியரில் எஞ்சினை ஓட விட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பவர்களைப் பட்டறைகளில் இன்றும் பார்க்கிறேன். துணி பல்லில் சிக்கினால் விரலைச் சேர்த்தே இழுத்துக்கொள்ளும், உதறக்கூட நேரம் இருக்காது. நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அப்படிச் சுற்றும்போதும் விரலை ஸ்ப்ராக்கெட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஜாவா, எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மைசூரில் தயாரான அந்த வண்டிகளில் செயின் முழுவதும் தகரப் பெட்டிக்குள்ளும் ரப்பர் குழாய்களுக்குள்ளும் ஓடும். தோற்றத்துக்காக அதைக் கழற்றி எறிகிறார்கள். மழையும் தூசியும் செயினில் படாமல் காத்து வந்தது அந்தப் பெட்டிதான். கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.