சிங்கராஜ வனத்துக்குச் சப்பாத்து கட்டுமுன்

"சமதளமான பாதைதானே, காலிமுகத்திடலில் உலாவுவதுபோல் நடந்துவிட்டு வரலாம்" என்று சொல்லிக்கொண்டுதான் கொழும்பிலிருந்து பலர் இலங்கையின் மழைக்காடான சிங்கராஜ வனத்துக்குக் கிளம்புகிறார்கள். பாதையைப் பற்றி அவர்கள் சொல்வது சரிதான். குடாவ வாயிலிலிருந்து உள்ளே போகும் பிரதான பாதை அகலமானது, ஏற்றம் குறைந்தது. ஆனால் அது நமக்காக வெட்டப்பட்டதல்ல. 1970களில் ஒட்டுப்பலகைக்கு மரம் ஏற்றிய லொறிகள் ஓடிய தடம் அது. எதிர்ப்பு வலுத்து 1977இல் மரம் வெட்டுவது நின்றது, தடம் மிஞ்சியது. பாதை இலகு என்பதால் காடும் இலகு என்று நினைப்பதிலிருந்துதான் மற்றத் தவறுகள் முளைக்கின்றன.

முதல் தவறு காட்டுக்கு வெளியிலேயே நடந்துவிடும். இரத்தினபுரி, காலி, மாத்தறை என்று மூன்று மாவட்டங்களைத் தொடும் இந்த வனத்துக்கு ஒரு வாயில் மட்டும் இல்லை. கலவானைப் பக்கம் குடாவ, தெனியாயப் பக்கம் பிட்டதெனிய. தொலைபேசி வரைபடத்தில் 'சிங்கராஜ' என்று மட்டும் தட்டிவிட்டு வான் வண்டியைக் கிளப்பினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டு அறிந்தோம்: வழிகாட்டி குடாவவில் காத்திருக்க, நாங்கள் தெனியாயவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். காட்டைச் சுற்றி வருவதில் அரை நாள் போயிற்று. வாயிலின் பெயரைச் சொல்லி வழி கேளுங்கள்.

அடுத்தது அட்டை. அரைக்காற்சட்டையும் செருப்புமாக வருபவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். அட்டை கடிப்பது வலிக்காது, அதனால்தான் தெரியவே தெரியாது. இரத்தத்தை உறையவிடாத ஒன்றை அது கடிவாயில் விட்டுவிடுவதால், அது விழுந்த பிறகும் இரத்தம் வடிந்துகொண்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. பதறிப் பிய்க்காமல், நகத்தை அதன் வாயருகே வைத்து மெல்ல வழித்துவிட்டுக் கழுவுங்கள். முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை வாங்கி, காற்சட்டையை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். காலுறையின் மேல் சவர்க்காரம் தேய்ப்பவர்களும் உண்டு. மழை வந்தால் நுரைதான் மிச்சம். மழையோ கட்டாயம் வரும்: ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் இடம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சற்றே ஓயும். அப்போதும் விடியலில் நடையைத் தொடங்குங்கள். பிற்பகலில் வானம் இருண்டால் ஓடைகள் சட்டென்று பெருகும்.

பாதையை விட்டு விலகிப் படம் எடுக்கப் போகாதீர்கள். சருகோடு சருகாகக் கிடக்கும் குழிவிரியன் உங்கள் கண்ணுக்குப் படாது. வழிகாட்டியின் கண்ணுக்குப் படும். இலை, கொடி எதையும் பையில் போடவும் வேண்டாம். வாசனைப் பிசினுக்காகத் திருடப்படும் வல்லப்பட்டை மரத்தின் கடத்தல் செய்திகளைப் படித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

எனக்கு அதிகம் கோபம் வருவது சத்தத்தில்தான். இங்கே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடும். அரை மணி நேரம் ஓர் இறகுகூட அசையாது. பிறகு திடீரென்று தலைக்கு மேல் ஒரு சந்தையே கூடும். நீல உடலும் செங்கபிலத் தலையுமான கெஹிபெல்லாவை அந்தக் கூட்டத்தில்தான் பார்த்தேன். பாட்டுப் பெட்டியோடு வந்த குழு ஒன்று, எதையும் காணவில்லை என்று குறைபட்டுக்கொண்டே எங்களைக் கடந்து போனது.

அந்தக் குழுவைப் போலவே பலர் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். லொறித் தடத்தின் ஓரத்தில் நிற்பதில் பெரும்பகுதி, வெட்டுப்பட்டு மீண்டும் வளர்ந்த காடு. கோடரி படாத பழைய மரங்களைப் பார்க்க, வழிகாட்டியிடம் கேட்டுக் கிளைப்பாதை ஒன்றில் இறங்க வேண்டும்.

சோற்றுப்பொதி சுற்றிய லஞ்ச் ஷீட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வண்டியில் ஏறுமுன் காலுறையைக் கழற்றி உதறுங்கள். எங்களோடு வந்த அட்டை ஒன்று அவிசாவளைவரை பயணம் செய்தது.