ஊட்டிக்குக் கிளம்பும் முன்: இ-பாஸும் ஒரு எவர்சில்வர் பாட்டிலும்

சொந்தக் காரில் ஊட்டி போகிறவர்கள் முதலில் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஆன்லைனில்தான் பதிவு. மலையடிவார செக்போஸ்ட்டில் நின்று போனில் சிக்னல் தேடுவதைவிட வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால், காரை மேட்டுப்பாளையத்தோடு நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுங்கள். அதற்கு இ-பாஸ் வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து, மேலே போய் பார்க்கிங் தேடி அலைவதும் மிச்சம். சீசனில் ஊருக்குள் சுற்றுப் பேருந்தும் விடுகிறார்கள்.

அப்புறம் தண்ணீர். நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போனால் வழியில் உள்ள தண்ணீர் ஏடிஎம்மில் நாணயம் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். பிஸ்கட், சிப்ஸ் உறைகளைப் போட ஒரு துணிப்பை தனியாக இருக்கட்டும். வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தின்பண்டம் நீட்ட வேண்டாம். அதில் பழகிவிட்டால் அடுத்த வண்டிக்காரர் கையிலிருந்து அது பிடுங்கித் தின்னும்.

மே மாத மலர்க் கண்காட்சியை விட்டால் வேறு நாளே இல்லையா என்ன? செப்டம்பரில் போய்ப் பாருங்கள். பூவும் இருக்கும், கூட்டமும் குறைவு.