மலை மாவட்டத்தில் மனநலப் பயிற்சி: எங்கே பிசகுகிறது?

நீலகிரியின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுக்கக் கிளம்புபவர்கள், பாடத்தை மனச்சிதைவின் வகைகளில் தொடங்கக் கூடாது. பந்தலூர் பக்கத்து ஓ.பி.யில் வந்து உட்காரும் தேயிலைத் தோட்டத்து அம்மா, காதில் குரல் கேட்கிறது என்று சொல்வது அபூர்வம். "மேலெல்லாம் வலி டாக்டர், தூக்கமே இல்ல, ஒரு ஊசி போடுங்க" என்பார். ரத்தசோகை இல்லை, தைராய்டும் சரி என்றால், இது மனச்சோர்வோ என்று அறிய அடுத்து என்ன கேட்பது? பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மருந்துப் பெயர்களை ஒப்பிக்க வைப்பதும் வீண். பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் எழுதுவது சுலபம். அன்றிரவே தூக்கம் வரும், சில வாரங்களில் அதுவே பழக்கமாகிவிடும். மனச்சோர்வுக்கான ஃப்ளூக்செடின் 20 மி.கி. நேர்மாறு. குமட்டல் முதலில் வரும், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் 'மாத்திரை ஒத்துக்கல' என்று நாலாம் நாளே நிறுத்திவிடுவார்கள். அதைச் சொல்லக் கூலியை விட்டு, பஸ் பிடித்து யார் வருவார்கள்? குணம் தெரிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்து, மருத்துவர்களை நோயாளியாகவும் டாக்டராகவும் நடித்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்படுவார்கள், பரவாயில்லை.

தற்கொலை எண்ணத்தைக் கேட்டால் தூண்டிவிட்டதாகும் என்ற பயம் மூத்த மருத்துவர்களிடமும் உண்டு. தூண்டாது, நேராகவே கேட்கலாம். வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி. ஆனால் மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் பதில் வராது. பணியர் பழங்குடி ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு அவர் கணவரையே மொழிபெயர்க்கச் சொல்வதும் அப்படித்தான். அந்த ஊர் சுகாதாரப் பணியாளர் ஒருவர் இருந்தால் நல்லது.

செவிலியரையும் மருந்தாளுநரையும் வெளியே விட்டுவிட்டு நடத்தும் வகுப்பு பாதி வகுப்புதான். வகுப்பு முடிந்த வாரம் மருந்து இருப்பில் இல்லை என்றால் மீதியும் போச்சு. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் மாதம் ஒருமுறையாவது போனில் வந்து, பார்த்த நோயாளிகளைப் பற்றிப் பேச வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லாச் சீட்டிலும் 'ஊட்டிக்குப் போகவும்' என்றே எழுதப்படும். கூடலூரிலிருந்து அது மலைப்பாதையில் சுமார் 50 கிலோமீட்டர். யாரை உடனே அனுப்ப வேண்டும் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லிக்கொடுங்கள்: சாகத் திட்டம் வைத்திருப்பவர், பிரசவத்துக்குப் பின் நிதானம் இழந்தவர், குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கிக் குழம்பிப் பேசுபவர். கடைசி ஆளுக்கு மனநலப் பிரிவைத் தேடி அலைய வேண்டாம். உயிருக்கே ஆபத்து, எந்த நேரமும் மருத்துவர் இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலில் சேர்க்க வேண்டும்.